கறை விழுந்த தாளைக் கிழிக்காதீர்கள்

டிராயிங் மாஸ்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. படம் போடும்போது தப்பாகிவிட்டால் என்ன செய்வது, விடுவதா, திருத்துவதா, தூக்கிப் போடுவதா? பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த காலத்திலும் சரி, இப்போது கும்பகோணத்தில் மொட்டை மாடியில் நடத்தும் ஞாயிறு வகுப்பிலும் சரி, நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அதனால் இந்த இதழ்ப் பக்கங்களை முழுக்க இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் மாஸ்டர். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாட்டர் கலர் பழகுகிறேன். எங்கள் ஊருணியையும் அதன்மேல் வானத்தையும் வரைய ஆசை. வானத்தைப் பூசிவிட்டுப் பார்த்தால் நடுவில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு கறை பூத்துக் கிடக்கிறது. சரிசெய்யப் போனால் இன்னும் மோசமாகிறது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கிறேன். இதுவரை ஒரு படம்கூட முடிந்தபாடில்லை. (வாசகி, காரைக்குடி)

அம்மா, அந்தக் கறை ஏன் வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

வானத்தை ஒரே வாஷாக, அதாவது நீர்த்த வண்ணத்தை ஒரே சீராகப் பரப்பி, பூசி முடித்ததும் தாள் முழுக்க ஈரமாகப் பளபளக்கும். சற்று நேரத்தில் அந்தப் பளபளப்பு அடங்கிவிடும். மேலே பார்க்கக் காய்ந்தது போல இருக்கும், ஆனால் காய்ந்திருக்காது. நீர் தாளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், நிறத் துகள்கள் பாதி உட்கார்ந்தும் பாதி மிதந்தும் இருக்கும். ‘அந்த மூலை வெளிறித் தெரிகிறதே’ என்று நாம் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து வைப்பது சரியாக அந்த நேரத்தில்தான். புதுத் தண்ணீர் ஈரம் குறைந்த பக்கமாகப் பரவும். பரவும்போது அரைகுறையாக உட்கார்ந்த துகள்களைத் தள்ளிக்கொண்டே போகும். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே எல்லாம் குவிந்து, ஓரம் பல் பல்லாகக் காய்ந்துவிடும். உள்ளே வெளிறல், ஓரத்தில் அடர்த்தி. நீங்கள் பார்க்கும் காலிஃப்ளவர் அதுதான்.

ஆக, தாளைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பு இருக்கும்வரை கை வைக்கலாம். பளபளப்பு அடங்கிவிட்டால் எதையும் தொடாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி தொடங்கலாம். காய்ந்ததா என்று தெரிய, புறங்கையைத் தாளின் மேல் லேசாக வையுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. உங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் இந்த மூன்று நிலையும் மளமளவென்று கடந்துபோகும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலையில் வெயில் ஏறுமுன் வானத்தைப் பூசிவிடுங்கள்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் கறை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போங்கள். நான் மெய்யாகவே சொல்கிறேன், எழுந்து அடுத்த அறைக்குப் போங்கள். பெரும்பாலான படங்கள் கறையால் கெடுவதில்லை, கறை விழுந்த அடுத்த சில நிமிடங்களில் பதறிப்போய் நாம் செய்வதால்தான் கெடுகின்றன. வாட்டர் கலர் காயும்போது நிறம் வெளுக்கும். ஈரத்தில் முகத்தில் அடித்த கறை, காய்ந்த பிறகு பாதி அடங்கியிருக்கும்.

காய்ந்ததும் தாளை அலமாரி மேல் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பாருங்கள். இப்போது அந்தக் கறையை வானத்தில் விழுந்த குறையாகப் பார்க்காமல், அது என்ன வடிவத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உள்ளே மென்மை, ஓரத்தில் பிசிறு பிசிறாகக் கூர்மை: ஊருணிக் கரையில் நிற்கும் வேப்பமரத்தின் தலை தூரத்திலிருந்து அப்படித்தானே தெரியும்? கீழே மெல்லிசாக ஒரு அடிமரம் இழுத்துவிட்டால் போதும். கறை மேல்பக்கம் இருந்தால் மழை மேகம். லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கு எழுதிவைத்த குறிப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறார். ஈரம் ஊறிக் கறை படிந்த சுவர்களை உற்றுப் பாருங்கள், அதில் மலை, ஆறு, மரம், போர்க்களம் எல்லாம் கிடைக்கும் என்கிறார். அத்தனை நுட்பமாக வரைந்த மனிதர் பழைய சுவரின் கறையை ஒரு பயிற்சியாகவே பார்த்திருக்கிறார். உங்களுக்குக் கறை தாளிலேயே கிடைத்திருக்கிறது.

எப்படிப் பார்த்தாலும் அது அங்கே இருக்கக் கூடாது என்று பட்டால் எடுத்துவிடலாம், அதில் தவறில்லை. சுத்தமான தண்ணீரால் அந்த இடத்தை மட்டும் நனைத்து, சற்றுப் பொறுத்து, டிஷ்யூ பேப்பரால் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. அல்ட்ராமரைன் நீலம் என்றால் நன்றாகவே கிளம்பி வரும். தாலோ நீலம் தாளில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், அதை முழுக்க எடுக்க முடியாது. நீங்கள் எந்த நீலம் வைத்திருக்கிறீர்கள் என்று டியூபின் மேல் பாருங்கள். தாளும் முக்கியம். சார்ட் பேப்பரில் இதைச் செய்தால் மேல்பரப்பு நூல் நூலாகப் பெயர்ந்து வந்துவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள கனமான பருத்தித் தாள் ஒன்று வாங்கி நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு துண்டை வைத்துப் பல தடவை திருத்தலாம்.

அப்புறம் ஒரு வீட்டுப்பாடம். ஒரு தாள் முழுக்க நீலம் பூசிவிட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வேறு வேறு இடத்தில் வைத்துக்கொண்டே வாருங்கள். வேண்டுமென்றே கறையாக்குங்கள். முதல் சொட்டு கரைந்து காணாமல் போகும், நடுவில் வைத்தவை பூக்கும், கடைசிச் சொட்டு ஓரம் மட்டும் கட்டிக் காயும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு கறை உங்கள் கைக்கு வந்துவிடும். உங்கள் ஊர்ப் பழைய வீட்டின் காரைச் சுவரில் மழைநீர் இறங்கிய தடம் இருக்கிறதே, அதை வரைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக வரைந்தால் அது சுவர் மாதிரியே இருக்காது.

கிழிக்கும் பழக்கத்தை மட்டும் இன்றோடு விடுங்கள். தாளின் பின்பக்கம் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கிழித்துவிட்டால் தப்பு எங்கே நடந்தது என்று திரும்பிப் பார்க்க ஒன்றுமே மிஞ்சாது.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கோட்டுக்கு வெளியே கலர் போய்விட்டால் அழுதுகொண்டே புத்தகத்தைத் தூக்கி எறிகிறாள். பள்ளியில் உள்ளே அடங்கிப் போட்டால்தான் ஸ்டார் கொடுக்கிறார்கள். (ஒரு தாய், ஈரோடு)

கலரிங் புத்தகத்தைச் சில மாதங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்களம்மா. அதில் இருக்கும் கோடு வேறு யாரோ போட்டது. அதைத் தாண்டாமல் இருப்பது கைக்கான பயிற்சி மட்டுமே, அதை ஓவியம் என்று குழந்தை நினைத்துக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. வெறும் தாளும் கனமான கிரேயானும் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தாளில் நீங்களும் வரையுங்கள். அவள் தாளில் உங்கள் கை படவே கூடாது, ‘இப்படிப் போடு கண்ணு’ என்று ஒரு கோடுகூட இழுத்துக் காட்டாதீர்கள். உங்கள் கோடு கோணினால் அதை அழிக்காமல் அப்படியே மேலே தொடர்ந்து வரையுங்கள், அவள் பார்க்கட்டும். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் ஸ்டார் வராவிட்டால் போகட்டும்.

கேள்வி: தப்பையும் கலையாக ஏற்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இது திறமை இல்லாதவர்கள் சொல்லும் சாக்கு இல்லையா? நம் சிற்பிகள் கல்லில் ஒரு உளி தவறினால் என்ன செய்திருப்பார்கள்? அவர்கள் தப்பை ஏற்றிருந்தால் இன்று நமக்குக் கோயில்கள் கிடைத்திருக்குமா? (பொறியாளர், கோவை)

தம்பி, நீங்கள் கேட்டதில் பாதி நியாயம். கண்ணால் சரியாகப் பார்க்காததால் வரும் கோணலை நான் ஏற்கச் சொல்வதில்லை. முகத்தில் காது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் போட்டுவிட்டு, கேட்டால் ‘இது என் ஸ்டைல்’ என்று சொல்வதை என் வகுப்பில் அனுமதிப்பதில்லை. மறுபடி பார்த்து மறுபடி போட வேண்டியதுதான். நான் மதிப்பது வேறு இரண்டு வகை. ஒன்று, பொருள் தன் இயல்பால் செய்வது: நீர் பரவுவது, மை ஊறுவது, கல் வெடிப்பது. இன்னொன்று, சரியானதைத் தேடிக்கொண்டிருக்கும்போது கை போட்டுப் பார்க்கும் கோடுகள். இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் சிற்பிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் பாறைச் சிற்பத்தின் முன்னால் போய் நில்லுங்கள். பாறையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய வெடிப்பு. புடைப்புச் சிற்பம் செதுக்க வருகிறவனுக்கு அது பெரிய குறை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் அந்த வெடிப்பை அடைக்கவில்லை, அதை விட்டு ஒதுங்கிப் போகவும் இல்லை. அதையே ஆறாக்கிவிட்டார்கள். உள்ளே நாகர்கள் கைகூப்பியபடி மேலேறி வருகிறார்கள். இரண்டு பக்கமும் தேவர்கள், முனிவர்கள், யானைகள், தவம் செய்யும் பூனை எல்லாம் அந்த வெடிப்பைச் சுற்றியே கூடியிருக்கின்றன. பாறையின் மேலே நீர்த்தொட்டி இருந்த அடையாளம் இருக்கிறது, அங்கிருந்து தண்ணீர் விட்டிருக்கலாம் என்பார்கள். இது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதுவானாலும் அந்தச் சிற்பத்தின் மையம் அந்த வெடிப்புதான்.

அதே ஊரில் அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறையும் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நீங்கள் பாருங்கள். முடிக்காமல் விட்ட குடைவரைகளுக்குள்ளும் போய்ப் பாருங்கள். பாறை முகத்தில் சதுரம் சதுரமாகப் பள்ளக் கோடுகள் வெட்டி, நடுவில் நிற்கும் மேடுகளைத் தட்டி எடுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் கடைசிக் கோட்டுக்குப் போகவே இல்லை. தேவைக்கு மேல் சதை விட்டு, பொறுத்து, கடைசியில்தான் உருவத்தை நெருங்குவார்கள். உளி கொஞ்சம் தவறினாலும் உள்ளே இன்னும் கல் இருக்கும். அங்கே உள்ள ஒற்றைக்கல் கோயில்களான ரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள், அடிப்பகுதி பலவற்றில் முடியாமலே நிற்கிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவத்தைச் செய்கிறார்கள். தென்னை ஓலையைக் கீறி, மடித்து, அந்த மடிப்புகளை வைத்தே முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளக்கிறார்கள். மெழுகில் விரல் சரியாக வளையவில்லையா, சூடான இரும்பை வைத்து இளக்கி மறுபடி வளைப்பார்கள். காது கூடிவிட்டதா, வழித்து எடுப்பார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம், யாருக்கும் அவசரம் இல்லை. பிறகு காவிரி வண்டலைக் குழைத்து மேலே பூசிக் காயவைத்து, சூடாக்கி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு அச்சில் ஒரு சிலைதான். உள்ளே காற்று அடைத்து, உலோகம் ஒரு கைக்குப் போய்ச் சேராமல் நின்றுவிட்டால் சிலையை உருக்கிவிட்டு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அவர்களுடைய தொழில்முறையை யோசித்துப் பாருங்கள். தப்பு வரும் என்று தெரிந்து, அது வரவேண்டிய இடத்தை மெழுகிலேயே வைத்துவிட்டார்கள். உலோகத்துக்குப் போகும்போது கை தயங்காது. நீங்கள் திறமை என்று சொல்வது என் கண்ணுக்கு இந்த ஏற்பாட்டில்தான் தெரிகிறது. படம் வரைகிறவருக்கு அந்த மெழுகு என்பது சின்னச் சின்ன ஸ்கெட்ச். தீப்பெட்டி அளவில் பென்சிலில் அதே காட்சியை வேறு வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். அதில் எவ்வளவு கோணினாலும் நஷ்டமில்லை.

கேள்வி: துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் பழகுகிறேன். மெழுகு உடைந்து சாயம் உள்ளே போய் நரம்பு நரம்பாகக் கோடு விழுகிறது. சிலர் குறை என்கிறார்கள், சிலர் அதுதான் பாத்திக்கின் அழகு என்கிறார்கள். (வாசகி, புதுச்சேரி)

இரண்டு பேரும் சொல்வது சரிதான். நுட்பமான ஜாவா பாத்திக்கில் மெழுகு உடையாமல் இருப்பதுதான் கைத்திறன், அங்கே அந்த நரம்பைக் குறையாகவே பார்ப்பார்கள். வேறு இடங்களில் அதற்காகவே துணியைக் கசக்குகிறார்கள். முடிவை நீங்கள் எடுக்கலாம், மெழுகு உங்கள் கையில்தானே இருக்கிறது? பாரஃபின் மெழுகு முறுகலானது, கூடுதலாகச் சேர்த்தால் நிறைய உடையும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், அதைக் கூட்டினால் கோடு குறையும். ஒரே துணியில் பின்னணியை உடையவிட்டு, முகத்தையும் கைகளையும் தேன்மெழுகால் காப்பாற்றிப் பாருங்கள். சென்னைக்குப் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய அந்தக் கிராமத்தில், ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்துக்கு வழி செய்துகொண்டார்கள்.

கேள்வி: நான் தமிழாசிரியர். கவிதை எழுதும் நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல். ஓரத்தில் கிறுக்கலாகப் படங்களும் போடுவேன். பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் நல்ல நோட்டில் பிரதி எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டுவிடலாமா? பெரிய கலைஞர்களுக்கு இப்படியெல்லாம் இருக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பிரதி எடுங்கள் ஐயா, பழையதைப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ரவீந்திரநாத் தாகூர்தான் நினைவுக்கு வந்தார்.

1924இல் அவர் பெரு நாட்டுக்குக் கப்பலில் கிளம்பினார். வழியில் உடல்நிலை கெட்டு, அர்ஜென்டினாவில் புவனோஸ் ஐரிஸுக்குப் பக்கத்தில் தங்க வேண்டி வந்தது. விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் அவரைத் தங்கவைத்துக் கவனித்துக்கொண்டார். அங்கே அவர் ‘பூரவி’ தொகுப்பின் கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார். வேண்டாத சொற்களை அடிப்பது எல்லோரும் செய்வதுதான். அவர் அந்த அடித்தல்களை அப்படியே விடவில்லை. இங்கே அடித்த சொல்லையும் இரண்டு வரி தள்ளி அடித்த சொல்லையும் பேனாவால் இணைப்பார். இணைத்த கோடு தடிக்கும், பக்கத்தில் இன்னொரு அடித்தலைத் தொடும். கொஞ்ச நேரத்தில் அலகு நீண்ட ஒரு பறவை, வாய் பிளந்த ஒரு மிருகம், பெயர் தெரியாத ஏதோ ஒன்று கவிதை வரிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். அவர் வைத்துக்கொண்ட வரிகள் அந்தக் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் பாத்திகளாகத் தெரியும். நான் அந்தக் கையெழுத்துப் பக்கங்களை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதிலேயே பேனா எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே வேகமாகப் போயிருக்கிறது என்று தெரிகிறது.

அந்த நோட்டைப் பார்த்து வியந்தவர் ஒகாம்போ. 1930இல் பாரிஸில், பிகால் என்ற காட்சிக்கூடத்தில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. அதற்கு முன்னின்று உதவியவரும் அவர்தான். தாகூருக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓவியப் பள்ளிக்குப் போய் முறையாகப் படித்தவர் இல்லை. வாழ்நாள் முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். அவருடைய பிற்கால ஓவியங்களில் வரும் வினோத உருவங்களைப் பாருங்கள், அடித்தலில் பிறந்த அந்த மிருகங்களின் வம்சம் அப்பட்டமாகத் தெரியும். நல்ல நோட்டில் பிரதி எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டிருந்தால் அந்த ஓவியர் நமக்குக் கிடைத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பெரிய கலைஞர்களுக்கும் இருக்குமா என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது. மாட்ரிட் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் வரைந்த நான்காம் பிலிப் மன்னரின் குதிரைச் சவாரி ஓவியம் இருக்கிறது. குதிரையின் கால்களை அவர் முதலில் வேறு இடத்தில் போட்டுவிட்டு மேலே பூசி மாற்றியிருக்கிறார். எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் ஒளி ஊடுருவும்படி ஆகும். அதனால் பழைய கால்கள் இப்போது மெல்ல வெளியே தெரிகின்றன. பிக்காசோ 1903-04இல் வரைந்த கிழட்டு கிதார்க்காரர் ஓவியத்துக்கு அடியில் ஒரு பெண்ணின் உருவம் இருக்கிறது. வேறு எதற்கோ தொடங்கிய படத்தின் மேலேயே இதை வரைந்துவிட்டார். லியோனார்டோ மரியாளையும் குழந்தையையும் பூனையையும் வரைந்து பார்த்த சின்னத் தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கோட்டின் மேல் கோடாகப் போட்டிருக்கிறார், எது கால், எது பூனை என்று பிரிப்பதே கஷ்டம். எதையும் அழிக்கவில்லை. பிடித்த கோடு கிடைத்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கம் தெரிவதைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கிறார்.

ரப்பரைப் பற்றித் தனியாகக் கேட்ட மாணவர்களுக்கும் இதுதான் பதில். இரண்டாவது கோடு சரியாக வரும்வரை முதல் கோட்டை அழிக்க வேண்டாம். முதல் கோடு இருந்தால்தான் இரண்டாவதை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். அழித்துவிட்டு வெள்ளைத் தாளில் போட்டால் கை அதே தப்பான இடத்துக்கே போய் நிற்கும். இதை என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கேள்வி: பழைய போட்டோவைப் பார்த்து ஆள் படம் வரைந்து கொடுக்கிறேன். ஒரு வீட்டில் காலமான தாத்தாவின் படம் கேட்டார்கள். முடித்த பிறகு பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரே அளவில் இல்லை. தப்பும் ஒரு அழகு என்று அப்படியே கொடுத்துவிடலாமா? (வாசகர், மதுரை)

கூடாது தம்பி. அந்த வீட்டார் உங்களிடம் கேட்டது அவர்கள் தாத்தாவை. தினமும் விளக்கேற்றும்போது அந்த முகத்தைப் பார்க்கப் போகிறார்கள். உங்கள் சோதனைகளை உங்கள் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், பிறர் துக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆனால் திருத்துவதற்கு முன் அது தப்புதானா என்று பாருங்கள். போட்டோவையும் படத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்து ஒப்பிடுங்கள். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். தெரிந்த முகம் என்ற நினைப்பு விலகி, அளவு மட்டும் தெரியும். எந்த மனிதருக்கும் இரண்டு கண்ணும் அச்சாக ஒன்றுபோல இருப்பதில்லை. பழைய ஸ்டுடியோ படங்களில் நெகட்டிவிலேயே பென்சிலால் ரீடச் செய்து முகத்தை வழவழப்பாக்குவது வழக்கம். ஆகவே போட்டோவை முழுக்க நம்பவும் முடியாது. வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். ‘ஆமாம், அவருக்கு இடது கண் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும்’ என்று சொன்னால், கை வைக்காமல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடமாகப் பேனாவில் கோட்டோவியம் வரைகிறேன். இப்போது கை நடுங்குகிறது. மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது, வயதால் வருவது என்கிறார். நேர்கோடு இழுக்க முடியவில்லை. கோடு கெட்டுவிட்டது, நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். (வாசகர், சேலம்)

ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தோடு வைத்திருந்த கோயில் மண்டபப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்களின் கோடு நடுங்குகிறது, உண்மைதான். ஆனால் தூண் சரியான இடத்தில் நிற்கிறது, நிழல் சரியான பக்கம் விழுகிறது. நாற்பது வருடம் பார்த்த கண் அப்படியே இருக்கிறது.

எனக்குச் சங்கடமாகப் பட்டது வேறொன்று. நடுங்கிய கோட்டின் மேல் மறுபடி ஒரு கோடு இழுத்துச் சமன் செய்யப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டாவது தூணின் இடது ஓரத்தில் மூன்று கோடுகள் இருக்கின்றன. அங்கேதான் கல் போய், பயம் தெரிகிறது. ஒருமுறை இழுத்த கோட்டை அப்படியே விட்டிருந்தால், அது காலத்தில் தேய்ந்த கல்லின் ஓரமாகவே இருந்திருக்கும். மண்டபத்தின் மேலே வலது மூலையில் ஒரே வீச்சில் விட்டிருக்கிறீர்களே, அந்த உடைந்த கபோதம் (கூரையின் வளைந்த விளிம்பு), படத்திலேயே அழகான இடம் அதுதான்.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போய்விட்டன. பிரஷ்ஷை யாராவது கையில் வைத்துவிட வேண்டியிருந்தது, கடைசிவரை வரைந்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி, வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி ஒட்டத் தொடங்கினார். பிரஷ் பிடித்து நின்று வரைந்த காலத்தில் அவருக்கே கிடைக்காத வடிவங்கள் அதில் வந்தன.

உங்களுக்குக் கத்தரி வேண்டியதில்லை, பேனாவே போதும். சில மாற்றங்கள் மட்டும் செய்து பாருங்கள். மெல்லிய நிப்பை வைத்துவிட்டு மூங்கில் பேனா எடுங்கள். அது தானே விட்டு விட்டுத்தான் எழுதும், உங்கள் நடுக்கமும் அதன் தடமும் ஒன்றாகிவிடும். தாளைப் பெரிதாக்குங்கள். மேசையில் குனிந்து மணிக்கட்டால் இழுக்காமல், பலகையைச் சாய்த்து வைத்து நின்றுகொண்டு தோளிலிருந்து இழுங்கள். சின்னக் கோட்டில் தெரியும் நடுக்கம் நீளக் கோட்டில் அவ்வளவு தெரியாது. கொஞ்ச நாள் நேர்கோட்டுக் கட்டடங்களை விட்டுவிட்டு, பனை மரத்தின் செதில், வேம்பின் பட்டை, சிதைந்த மதில் என்று வரையுங்கள். பிறகு மண்டபத்துக்குத் திரும்பி வரலாம்.

அதே மண்டபத்தை மூங்கில் பேனாவில் பெரிய தாளில் மறுபடி வரைந்து எனக்கு அனுப்புங்கள். ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு போடாமல், ஒயிட்னர் வைக்காமல். நீங்கள் சம்மதித்தால் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, அடுத்த இதழில் இரண்டையும் பற்றி விரிவாக எழுதுகிறேன்.